நல்ல பெயருள்ள ஆன்லைன் விற்பனைக் கணக்கை விற்கலாமா? ஆலோசனை தேவை

வணக்கம். மயிலாப்பூரில் வீட்டிலிருந்தபடியே 2016 முதல் ஈயச் சொம்பு, வெண்கல உருளி ஆன்லைனில் விற்கிறேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்கே போகவேண்டிய நிலை, அதனால் மார்ச்சோடு நிறுத்துகிறேன். பாரிமுனை பாத்திர வியாபாரி ஒருவர் சரக்கோடு கணக்கையும் கேட்கிறார். நல்ல விலை. ஆனால் பழைய பெயர், ஸ்டார், ரிவ்யூ எல்லாம் அப்படியே இருக்கவேண்டுமாம், ஆள் மாறியது வாடிக்கையாளருக்குத் தெரியக்கூடாதாம்.

அங்கேதான் மனசு ஒப்பவில்லை. ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. காரீயம் கலந்தால் விஷம், வாங்குகிறவர் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அந்த ரிவ்யூக்களை நம்பித்தான் அதில் ரசம் வைக்கிறார்கள். சரக்கு எங்கே எடுப்பீர்கள் என்று அவரிடம் கேட்டேன், சரியான பதில் இல்லை.

தளத்தின் உதவி மையத்தில் விசாரித்தேன், கணக்கை இன்னொருவருக்கு மாற்ற விதியில்லை என்றார்கள். ஜிஎஸ்டி எண் என் பான் எண்ணை வைத்துத் தந்தது, அவர் தனியாகத்தான் எடுக்கவேண்டும் என்றார் ஆடிட்டர். புதுக் கணக்கு தொடங்குங்கள், நானே அறிமுகப்படுத்துகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் பாதி விலைதானாம். லாகினை மட்டும் கொடுங்கள், எல்லாரும் செய்வதுதான் என்கிறார். நாளைக்கு நுகர்வோர் புகார் வந்தால் என் பெயரில்தானே வரும்?

சரக்கு, கும்பகோணம் பட்டறைத் தொடர்பு, கடைப் பெயர் இவற்றை மட்டும் விற்று, ஆள் மாறியதை வெளிப்படையாக அறிவித்தவர்கள் யாராவது இருந்தால், விலையை எப்படி நிர்ணயித்தீர்கள் என்று சொல்ல முடியுமா?