‘மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ தமிழில்: மயக்கச் சாறு விழுந்த பிறகு யாருக்கு யார் மேல் காதல் என்றே புரியவில்லை

குன்னூர்மேடை எழுதியது:

வணக்கம். ஷேக்ஸ்பியரின் ‘எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ நாடகத்தைத் தமிழாக்கி, ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கி, மே சீசனில் குன்னூரில் போடுகிறோம். திறந்த புல்வெளி, மாலை ஆறரைக்கு ஆரம்பம், நடிகர்கள் 13 பேர். பெயர்களும் ஏதென்ஸும் மூலத்தில் உள்ளபடியே. லைசாண்டரும் டெமிட்ரியஸும் ஹெர்மியாவைக் காதலிக்கிறார்கள், ஹெலனாவோ டெமிட்ரியஸைக் காதலிக்கிறாள். தூங்குபவர் கண்ணில் ஒரு பூவின் சாறு பிழிந்தால், விழித்ததும் முதலில் பார்ப்பவர் மேல் காதல் வந்துவிடும்.

ஒத்திகை பார்க்க வந்தவர்கள் மூன்றாம் அங்கத்தில் குழம்பிவிடுகிறார்கள். லைசாண்டர், டெமிட்ரியஸ் இருவரும் ஹெலனா பின்னால் ஓடும் இடத்தில் சிரிப்பே வரவில்லை. இரண்டாவது, அந்தச் சாறு பிழியும் பூ. மலை ஊர் என்பதால் குறிஞ்சிப் பூ வைக்கலாம் என்று குழுவில் ஒரு யோசனை. மூன்றாவது, கடைசிவரை டெமிட்ரியஸ் கண்ணிலிருந்து சாறு எடுக்கப்படவே இல்லை. அதைச் சரிசெய்து ஒரு வரி சேர்க்கலாமா?

கட்டியக்காரன் எழுதியது:

முதலில் கணக்கைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நாடகம் முழுக்கக் கண்ணில் சாறு விழுவது ஐந்தே முறை. தேவதைகளின் அரசன் ஓபரான் தன் ராணி டைட்டானியாவுக்கு, அவனுடைய குறும்புக்கார ஏவலாள் பக் லைசாண்டருக்கு (ஆள் மாறி), ஓபரான் டெமிட்ரியஸுக்கு. இந்த மூன்றும் மயக்கம். பிறகு பக் லைசாண்டருக்கும், ஓபரான் டைட்டானியாவுக்கும் மயக்கம் தெளிய மாற்று மூலிகை. ஐந்துக்கும் ஒரே கையசைவு, ஒரே மணிச் சத்தம் வையுங்கள். மாற்று மூலிகைக்கு மட்டும் மணி கொஞ்சம் தாழ்ந்த சுருதியில் ஒலிக்கட்டும். மூன்றாவது தடவை மணி கேட்டதுமே கூட்டம் முந்திக்கொண்டு சிரிக்கும்.

குழப்பத்தின் வேர் இரண்டாம் அங்கத்தில்தான் இருக்கும், அங்கே பாருங்கள். ஹெர்மியா லைசாண்டரை ‘தள்ளிப் படு’ என்கிறாள். அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் பக், ‘பெண்ணை மதிக்காத ஏதென்ஸ்காரன் இவன்தான்’ என்று முடிவுகட்டுகிறது. சுருக்கும்போது பெரும்பாலானவர்கள் இந்தப் பேச்சைத்தான் வெட்டுவார்கள். வெட்டினால் பக் செய்த தப்புக்குக் காரணமே இல்லாமல் போகும். ஆறடியாவது இடைவெளி வேண்டும், பக் அதை நடந்து அளந்தே காட்டலாம். டெமிட்ரியஸைக் கண்டுபிடிக்க ஓபரான் பக்குக்குச் சொன்ன அடையாளம் ஏதென்ஸ் உடை மட்டுமே. அதனால் ஆண்கள் இருவருக்கும் ஒரே தையல், ஒரே துணி. பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரிய ஆளுக்கொரு நிறத்தில் மஃப்ளர் போதும்.

மூன்றாம் அங்க முடிவில் நால்வரும் தூங்க வரும் வரிசை: லைசாண்டர், டெமிட்ரியஸ், ஹெலனா, கடைசியில் ஹெர்மியா. பக்கத்தில் யார் கிடக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. லைசாண்டர் தன் பக்கத்தில் ஓர் ஆள் படுக்க இடம் விட்டே படுக்கவேண்டும். இதைச் சாக்பீஸ் கோடு போட்டுப் பழக்குங்கள். இல்லாவிட்டால் கடைசியாக வரும் ஹெர்மியாவுக்கு டெமிட்ரியஸ் பக்கம்தான் இடம் மிஞ்சும். கொம்பு ஊதி எழுந்ததும் லைசாண்டர் முதலில் பார்ப்பது அவளாக இருக்காது.

டெமிட்ரியஸை அப்படியே விடுங்கள். முதல் காட்சியிலேயே, இவன் முன்பு ஹெலனாவைக் காதலித்தவன் என்று லைசாண்டர் போட்டு உடைக்கிறானே! நாலாம் அங்கத்தில் டெமிட்ரியஸே, நோயில் வெறுத்த சாப்பாடு உடம்பு தேறியதும் ருசிப்பது மாதிரி என்கிறான். அவனுக்கு அது மயக்கமா மருந்தா என்ற சந்தேகம் இருக்கவே வேண்டும். இன்னொன்று: ஐந்தாம் அங்கத்தில் ஹெர்மியாவும் ஹெலனாவும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. புது வசனம் சேர்ப்பதற்குப் பதில் அந்த மௌனத்தை நடிக்கச் சொல்லுங்கள்.

யாமம்12 எழுதியது:

கட்டியக்காரன் சார் சொன்னது கண்ணுக்கு. காதுக்கு ஒன்று சொல்கிறேன். என் கணிப்பில் உங்களுக்குச் சிரிப்பு வராததற்குக் காரணம் மொழிபெயர்ப்பை முழுக்க உரைநடையாக்கியதுதான்.

மூலத்தில் லைசாண்டர் கண் திறப்பதே ஹெலனாவின் வரிக்கு எதுகை முடித்துக்கொண்டு. அவள் ‘எழுந்திரு’ என்று ஒரு வரியை விடுகிறாள். தூக்கம் கலையாத வாய் அதே ஓசையில் அடுத்த வரியைப் பிடித்துக்கொள்கிறது. மயக்கம் பிடித்துவிட்டது என்பதற்கு அந்த ஓசைதான் அத்தாட்சி. தமிழில் இப்படி வைத்துப் பாருங்கள்:

ஹெலனா: கண்ணைத் திற லைசாண்டர், உயிரிருந்தால் எழுந்திரு!
லைசாண்டர்: பெண்ணே, உனக்காகப் பெருந்தீயில் பாய்வேனே!

நடுவில் அரை நொடி இடைவெளி விட்டாலும் பாழ். அவள் வாய் மூடுவதற்குள் இவன் ஆரம்பிக்கவேண்டும். டைட்டானியாவும் முதலில், கழுதைத் தலையோடு நிற்கும் நெசவாளி பாட்டமின் பாட்டைக் கேட்டுத்தான் விழிக்கிறாள், பார்வை பிறகுதான்.

மூலத்தில் காதலர் பேச்சு பெரும்பாலும் எதுகை ஈரடிகள், நாடகம் போட ஒத்திகை பார்க்கும் பாட்டம் முதலிய தொழிலாளிகள் பேசுவது உரைநடை, தேவதைகளின் மந்திரத்துக்குக் குட்டையான தனிச் சந்தம். அந்த மந்திர அடி கடைசி அசை வெட்டுப்பட்டு நிற்கும். நம்மில் ‘தகதிமி தகதிமி தகதிமி தக’ என்று சட்டென்று நிறுத்துவது அதற்கு ரொம்பக் கிட்டே வரும். தொழிலாளிகளுக்கு எதுகை வேண்டவே வேண்டாம். அவர்கள் போடும் பிரமஸ்–திஸ்பி நாடகத்துக்குள் மட்டும் மோனையைக் காது வலிக்க அடுக்குங்கள், சிரிப்பு தானாக வரும்.

குறிஞ்சி வேண்டாம் என்பதே என் கட்சி. குறிஞ்சித் திணைக்குப் பொழுது யாமம், உரிப்பொருள் புணர்தல், இடம் மலை. எல்லாமே கச்சிதமாகப் பொருந்துகிற மாதிரிதான் தெரியும், ஆபத்தும் அதில்தான். நம் குறிஞ்சியில் காதல் இருவர் நெஞ்சிலும் தானாக ஊறுவது, இங்கே தூங்குகிறவன் கண்ணில் பிழிவது. தவிர, 2018-ல் பூத்தது இனி 2030-ல்தான் என்பது நீலகிரியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், மே மாத மேடையில் வைத்தால் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். மூலத்தில் வருவது மன்மதன் அம்பு பட்டு வெள்ளையிலிருந்து ஊதாவான சின்னப் பூ, பேன்சியின் காட்டு மூதாதை. பேன்சி ஊட்டி பொட்டானிக்கல் கார்டன் பாத்தியிலேயே கிடக்கிறதே.

லைட்மேன் எழுதியது:

நிஜப் பூ எதுவுமே வேண்டாம். முக்கியமாக, நம்ம பக்கம் வேலியோரம் மணி மாதிரி தலைகீழாகத் தொங்கும் பெரிய வெள்ளைப் பூவை அழகாக இருக்கிறதென்று யாரும் பறித்து வரவேண்டாம். அது ஊமத்தைக்கு நெருங்கிய சொந்தம். சாறு பட்ட விரலால் கண்ணைத் தொட்டால் கண்பாப்பா விரிந்து, மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் பார்வை மங்கும்.

துணிப் பூ போதும். வெல்வெட்டில் ஊதா இதழ் ஐந்து, உள்ளங்கை அளவு. நிஜ பேன்சி அளவில் செய்தால் மூன்றாவது வரிசைக்கே தெரியாது. பன்னீர், கிளிசரின் எதுவும் சொட்டவேண்டாம். முகத்துக்கு ஒரு சாண் மேலே பிழிகிற பாவனை, படுத்திருப்பவர் இமையை ஒரு தரம் சிமிட்டினால் விழுந்ததாகவே தோன்றும்.

புகை மிஷின் வாடகைக்கு எடுக்காதீர்கள். திறந்தவெளியில் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும், மிஸ்ட் இறங்கினால் அது தேவையும் இல்லை. ஆனால் மிஸ்ட் வந்ததும் முன்னாலிருந்து அடிக்கும் விளக்கை அணைத்துவிடுங்கள். கொண்டை ஊசி வளைவில் ஹை பீம் போட்ட கதைதான், வெள்ளைச் சுவர் எழும். இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்தில் பக்கவாட்டு விளக்கு வைத்தால் ஆள் தெரியும். தூங்கும் நால்வருக்கும் பச்சைத் துணிக்கடியில் தார்ப்பாய், அதன்மேல் இரண்டு மடிப்புச் சாக்கு. ஈரம் ஏறினால் நடுக்கம் வரும், தூங்குகிறவன் நடுங்கினால் காட்சி போச்சு.

குன்னூர்மேடை எழுதியது:

ரொம்ப நன்றி. ‘தள்ளிப் படு’ பேச்சை நாங்களும்தான் வெட்டியிருந்தோம், திரும்பச் சேர்க்கிறோம். இன்னும் இரண்டு சந்தேகம். ஏதென்ஸை ஆளும் தீசியஸ்–ஓபரான் ஒரே நடிகர், தீசியஸ் மணக்கப்போகும் ஹிப்பொலிட்டா–டைட்டானியா ஒரே நடிகை. உடை மாற்ற நேரம் போதுமா? பாட்டமுக்கு அட்டையில் செய்த கழுதைத் தலை போட்டால் குரல் வெளியே வரவில்லை.

கட்டியக்காரன் எழுதியது:

அந்த இரட்டை வேடத்தை 1970-ல் பிரிட்டிஷ் இயக்குநர் பீட்டர் புரூக் செய்து காட்டியதிலிருந்து பலரும் செய்கிறார்கள். நெருக்கடி நாலாம் அங்கத்தில்தான். ஓபரானும் டைட்டானியாவும் போன கையோடு கொம்பு ஊதி தீசியஸ் வந்துவிடுவார். அரச உடையை அடியில் போட்டு, மேலே தேவதை அங்கி, தோளில் ஒரே ஒரு அழுத்து பட்டன். கொம்பை மூன்று முறை, தூரத்திலிருந்து கிட்ட வருவதுபோல் ஊதுங்கள், 20 நொடி கிடைக்கும். ஐந்தாம் அங்கத்தில் பயமில்லை, பக் துடைப்பத்தோடு பேசும் 20 வரி இருக்கிறது. அதை மட்டும் சுருக்கிவிடாதீர்கள்.

கழுதைக்கு முழுத்தலை வேண்டாம். பாட்டமின் முகம்தான் நகைச்சுவை. சாம்பல் நிற மங்கி குல்லா ஒன்று வாங்கி, முகத்தைத் திறந்துவிட்டு, ஒரு சாண் நீளத்தில் கம்பளித் துணிக் காது இரண்டு தைத்து, உள்ளே மெல்லிய கட்டுக்கம்பி விடுங்கள். கம்பி நுனியை மடக்கித் துணி சுற்றாவிட்டால் டைட்டானியா காதை வருடும்போது கையைக் கிழிக்கும். ஒரு காது நிமிர்ந்தும் ஒன்று பாதி மடிந்தும் இருக்கட்டும். இரண்டும் நிமிர்ந்தால் முயலாகிவிடும்.