குளம் முழுக்க மூடிருச்சு, இது என்ன பாசின்னு சொல்லுங்க
வணக்கங்க, நமக்கு பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம், தோட்டத்துல சின்ன குளம் இருக்கு, போன மாசம் அல்லி வாங்கி வெச்சப்போ கூடவே ரெண்டு மூணு துண்டு என்னமோ ஒட்டிட்டு வந்துச்சு, இப்ப தண்ணியே தெரியல. இலை ஜோடி ஜோடியா நடுவுல மடிஞ்சு, மேல பொடி முடி, தண்ணி ஊத்துனா ஒட்டாம உருண்டு ஓடுது, கீழ பழுப்பா வேர் மாதிரி தொங்குது. அசோலா இல்ல, அது இன்னும் பொடிசு. பக்கத்து வீட்டு சேச்சி பாத்ததும் ஆப்பிரிக்கன் பாயல்னுட்டாங்க (பாயல்னா மலையாளத்துல பாசி), அதேதானா? வலைல அள்ளி அள்ளி போடுறேன், ஒரு துண்டு மிஞ்சினாலும் திரும்ப நிறைஞ்சிருது. மீன் குஞ்செல்லாம் மேல வந்து வாயத் தொறக்குது, மனசே கேக்கல, அதனால மருந்து அடிக்க மாட்டேன். 1980கள்ல கேரளாவுல இந்த ஆப்பிரிக்கன் பாயல தின்னு அழிக்கன்னே ஒரு கூன்வண்டு விட்டாங்கல்ல, அது வீட்டுக் குளத்துக்கு சரிவருமா? அள்ளுனத காயவெச்சு தென்னைக்கு மூடாக்கு போடலாமா? வாய்க்கால்ல மட்டும் இது போயிரக்கூடாதுங்க, கீழ பூரா வயலு.