புதுப்பிப்பு: நியூசிலாந்து தென்தீவு, தனி ஆளாக

பொள்ளாச்சிக்காரன் தென்தீவில் தனியாகக் கார் ஓட்டிச் சுற்றலாமா என்று முன்பு கேட்டிருந்தேனுங்க. போய் வந்தாச்சு.

அங்கேயும் இடதுபக்க ஓட்டம்தான், அதனால் கை தடுமாறவில்லை. பழக வேண்டியது ஒற்றைத்தடப் பாலங்கள்; இரு திசைக்கும் ஒரே தடம்தான். வட்டப் பலகையில் நம் திசை அம்பு சிவப்பாக, சின்னதாக இருந்தால் எதிரே வருபவருக்கு வழிவிட்டு நிற்க வேண்டும். லைட் அடித்துவிட்டு முந்தி நுழைவதெல்லாம் நம்மூரோடு சரி.

டே அனா என்ற ஊரிலிருந்து, மலைகளுக்கு நடுவே கடல் புகுந்திருக்கும் மில்ஃபோர்டு சவுண்டுக்குச் சுமார் 120 கிலோமீட்டர். டேங்கை டே அனாவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறியவர்களுக்கு அந்தச் சாலை பயமாக இருக்காது; நிறுத்தி நிறுத்தி மலையைப் பார்ப்பதில்தான் நேரம் போகும். வழியில் 1954இல் திறந்த ஹோமர் சுரங்கப்பாதை மட்டும் 1.2 கிலோமீட்டருக்குச் சரிவாக இறங்கும். அதன் வாசலில் கியா கிளிகள் கார்களின் ரப்பரைக் கொத்திப் பிய்க்கும். அழகுதான், வாடகைக் காரில் வந்து உட்காராதவரை.

அப்புறம், சாப்பாட்டுப் பொருள் கொண்டுபோவது பற்றிக் கேட்ட அண்ணனுக்கு: எதுவானாலும் விமான நிலையத்தில் இறங்கும்போதே அறிவித்துவிடுங்கள். அறிவிக்காமல் விட்டால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம். என் பருப்புப்பொடியைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தங்கிய இடத்தில் அரிசிம்பருப்புச் சாதமே ஆக்கினேன். சின்ன வெங்காயம்தான் கிடைக்கவில்லை.