எட்டாயிரம் ரூபாய்க்குள் வீட்டிலேயே ஜிம்: யோசனை சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். பத்துக்கு ஒன்பது அடியில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. அப்பாவுக்கு வயது 62, சர்க்கரை இருக்கிறது. நடந்தால் மட்டும் போதாது, தசைக்கும் வேலை வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கும் சேர்த்து அந்த அறையைத் தயார் பண்ண ஆசை.

போன வருஷம் விலை குறைவு என்று சிமெண்ட் அடைத்த பிளாஸ்டிக் டம்பெல் வாங்கினேன். ஆறே மாதத்தில் ஓரம் விரிந்து, தூக்கும்போதெல்லாம் சாம்பல் நிறத்தில் தூள் கொட்டியது. அதனால் இந்தத் தடவை கம்பியில் மாட்டித் தூக்கும் இரும்பு எடைத் தட்டுகள்தான் என்று முடிவு செய்திருக்கிறேன். கிலோ கணக்கில் பழையது வாங்கலாமா? துரு லேசாக இருந்தால் தேய்த்து பெயிண்ட் அடித்துக்கொள்வேன். நடுவில் 50 மில்லிமீட்டர் ஓட்டை உள்ள தட்டு, அதைவிட மெல்லிய சாதாரணக் கம்பியில் ஆடும் என்பதால், முதலில் எந்தக் கம்பி வாங்குவது என்றும் சொல்லுங்கள்.

கீழே வீட்டு ஓனர் குடும்பம், கைக்குழந்தை வேறு. சத்தம் கேட்காமலிருக்க ரப்பர் பாய் எத்தனை மில்லிமீட்டர் தடிமன் வேண்டும்?

அப்புறம், அப்பா இளவயதில் ஊர் தேகப்பயிற்சிசாலையில் கர்லாக்கட்டை (தோளைச் சுற்றிச் சுழற்றும் கனமான மரக்கட்டை) சுற்றியவர். அதையும் வாங்கலாமா என்று நான் கேட்டதும் அவர் முகமே மலர்ந்துவிட்டது. இந்த வயதில் எத்தனை கிலோவில் ஆரம்பிக்கலாம்? மதுரைப் பக்கம் நல்ல மரத்தில் கடைந்து கொடுப்பவர்கள் தெரிந்தால் சொல்லுங்கள், நேரில் போய்ப் பார்க்கிறேன்.