டெக்சாஸ் பள்ளிச் சேர்க்கை: அக்கா வீட்டு முகவரியைக் கொடுக்கலாமா?

வாணி_மடிப்பாக்கம்:

ஜூலை கடைசியில் சென்னையிலிருந்து டாலஸ் வருகிறோம். கணவருக்கு எச்-1பி வேலை விசா, எனக்கும் பிள்ளைகளுக்கும் அதைச் சார்ந்த எச்-4. பெரியவளுக்கு 9 வயது. சின்னவனுக்கு ஜூனில் 4 முடிகிறது. முதல் மாதம் கம்பெனி தரும் அபார்ட்மென்ட், பிறகு இர்விங் பக்கம் வாடகைக்குப் போவதாக இருக்கிறோம். அக்காவுக்குக் காப்பெல் ஐ.எஸ்.டி.யில் (ஐ.எஸ்.டி. என்றால் தனித்து இயங்கும் பள்ளி மாவட்டம்) சொந்த வீடு. அம்மாவும் கிரீன் கார்டில் அவளோடுதான் நிரந்தரமாக இருக்கிறார்.

அக்கா முகவரியைக் கொடுத்துப் பெரியவளை அங்கேயே சேர்த்துவிடு, யாரும் கேட்கமாட்டார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா? அரசுப் பள்ளிதானே, முகவரிக்கு ஏன் இவ்வளவு கண்டிப்பு? என்னென்ன பேப்பர் கொண்டுவர வேண்டும்?

வடக்கு_டாலஸ்:

செய்யாதீர்கள். சேர்க்கைப் படிவத்தில் தெரிந்தே பொய்த் தகவல் தருவது டெக்சாஸில் தண்டனைச் சட்டப்படி குற்றம். அது போக, கல்விச் சட்டம் 25.001 பிரிவின்படி, தகுதியில்லாத பிள்ளை அங்கே படித்த காலம் முழுவதற்கும் மாவட்டம் உங்களிடம் பணம் வசூலிக்கலாம். அவர்கள் விதிக்கக்கூடிய உச்சபட்சக் கட்டணம், ஒரு மாணவருக்கு நடைமுறைச் செலவாக அவர்கள் ஒதுக்கிய தொகை, இரண்டில் எது அதிகமோ அது. விசாவில் இருக்கும் குடும்பம் இந்த வம்பில் மாட்டவே கூடாது. பிள்ளையையும் ஆண்டு நடுவில் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

ஆனால் உங்கள் கேள்வியிலேயே ஒரு நல்ல வழி ஒளிந்திருக்கிறது. இர்விங் நகரம் வேறு, இர்விங் ஐ.எஸ்.டி. வேறு. நகர எல்லையும் பள்ளி மாவட்ட எல்லையும் ஒன்றல்ல. இர்விங் நகருக்குள்ளேயே இர்விங் ஐ.எஸ்.டி., காப்பெல் ஐ.எஸ்.டி., கேரல்டன்-ஃபார்மர்ஸ் பிராஞ்ச் ஐ.எஸ்.டி. என்று மூன்று மாவட்டங்கள் இருக்கின்றன. வேலி ராஞ்ச் பகுதியில் ஒரு தெரு காப்பெல், அடுத்த தெரு கேரல்டன் என்று மாறும். கவரில் 'இர்விங்' என்று எழுதும் முகவரியிலேயே காப்பெல் பள்ளி கிடைக்கலாம். ஃப்ரிஸ்கோவிலும் இதே கதைதான், நகரின் சில பகுதிகள் லூயிஸ்வில், பிராஸ்பர், லிட்டில் எல்ம் மாவட்டங்களில் வருகின்றன.

லீஸில், அதாவது வாடகை ஒப்பந்தத்தில், கையெழுத்துப் போடும் முன் இரண்டு இடத்தில் பாருங்கள். ஒன்று, வரிக்காகச் சொத்துகளை மதிப்பிடும் டாலஸ் கவுன்டி அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்டின் இணையதளம். முகவரியைத் தட்டினால் அந்தக் கட்டடம் எந்த ஐ.எஸ்.டி.க்கு வரி கட்டுகிறது என்று வரும். இரண்டு, அந்த ஐ.எஸ்.டி.யின் சொந்த இணையதளத்தில் இருக்கும் பள்ளி தேடும் பக்கம். வாடகை விளம்பரத்தில் போட்டிருக்கும் பள்ளிப் பெயரை நம்பாதீர்கள், பழைய எல்லை அப்படியே கிடக்கும்.

எல்லைக்குள் இருந்தாலே அந்தப் பள்ளிதான் என்றும் இல்லை. கிண்டர்கார்டனிலிருந்து 4-ஆம் வகுப்பு வரை ஒரு வகுப்புக்கு 22 பிள்ளைகள் என்பது மாநில வரம்பு. நிரம்பினால் அதே மாவட்டத்தின் வேறொரு பள்ளிக்கு அனுப்பலாம். உங்கள் மகள் இந்த வகுப்புகளுக்குள்தான் வருகிறாள். அதனால் லீஸ் கைக்கு வந்த அன்றே ஆன்லைனில் பதிவு செய்துவிடுங்கள்.

முகவரிச் சான்றுக்குப் பெரும்பாலும் கேட்பவை: பெற்றோர் கையெழுத்திட்ட லீஸ், அதில் குடியிருப்போர் பட்டியலில் பிள்ளைகள் பெயரும் இருந்தால் நல்லது, கூடவே கரன்ட் பில். பில் வர ஒரு மாதம் ஆகும் என்பதால், இணைப்பு தொடங்கியதற்கான கடிதத்தைக் கரன்ட் கம்பெனியிடம் கேட்டு வாங்குங்கள். செல்போன் பில்லைப் பல மாவட்டங்கள் ஏற்பதில்லை. கரன்ட் வாடகையோடு சேர்ந்தது என்றால் அதை லீஸிலேயே எழுதச் சொல்லுங்கள்.

முதல் மாதம் கம்பெனி அபார்ட்மென்ட்டுக்குப் பதில் நிஜமாகவே அக்கா வீட்டில் தங்குகிறீர்கள் என்றால் அது வேறு. அக்கா ஒரு உறுதிமொழிப் படிவம் தந்து தன் வீட்டுச் சான்றுகளை இணைக்க வேண்டும். நீங்கள் இடம் மாறிய அன்று பள்ளிக்குத் தெரிவித்தாக வேண்டும்.

கணக்குப்பிள்ளை:

'அரசுப் பள்ளிதானே' என்பதற்கு மட்டும் பதில். இங்கே பள்ளியை நடத்துவது உள்ளூர் மாவட்டம். அதற்குத் தனி போர்டு, தனியாக வரி விதிக்கும் அதிகாரம் உண்டு. வீட்டுவரி பில்லில் பெரும்பாலும் மிகப் பெரிய வரி ஐ.எஸ்.டி.யுடையதுதான். வாடகைக்காரர் நேரடியாகக் கட்டுவதில்லை, வீட்டுக்காரர் அதை வாடகையில் சேர்த்துத்தான் வாங்குகிறார். ஆகவே வாடகைக்கு இருப்பவர் பிள்ளைக்குக் குறைந்த உரிமை என்று எதுவும் கிடையாது.

பள்ளி வரி இரண்டு பாகம். எம்.அண்ட்.ஓ. என்பது சம்பளம், பஸ், கரன்ட் மாதிரி அன்றாடச் செலவுக்கு. ஐ.அண்ட்.எஸ். என்பது வாக்காளர் ஒப்புதலோடு வாங்கிய கட்டடக் கடனைத் தீர்க்க. மாநிலச் சூத்திரம் ஒரு மாணவருக்கு அடிப்படையாக ஒரு தொகையை வைக்கிறது. 2019-லிருந்து 6,160 டாலராகவே நின்றிருந்தது, 2025-26 கல்வியாண்டிலிருந்து 6,215. ஆறு ஆண்டு விலைவாசி உயர்வுக்கு 55 டாலர்! ஆசிரியர் பற்றாக்குறை பற்றிப் பேசுபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய எண் இது. இதன்மேல் சிறப்புக் கல்வி, ஆங்கிலம் கற்கும் மாணவர், வறுமை போன்றவற்றுக்குக் கூடுதல் மதிப்பு சேரும்.

முக்கியமான நுணுக்கம்: மாநிலம் பணம் தருவது பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு இல்லை, தினசரி வருகையின் சராசரிக்கு. பிள்ளை பத்து நாளில் ஒன்பது நாள் வந்தால் 6,215-ல் 5,590 அளவுக்குத்தான் கணக்கில் வரும். ஆசிரியர் சம்பளமோ அதே சம்பளம்.

பணக்கார ஊரின் வரி அங்கேயே தங்கிவிடுகிறது என்று பலர் சொல்வது பாதி உண்மை. சான் அன்டோனியோவின் ஏழைப் பகுதியான எட்ஜ்வுட் பெற்றோர்கள் தொடுத்த ரோட்ரிகஸ் வழக்கில், பணக்கார, ஏழை மாவட்டங்களுக்கு இடையிலான இந்த ஏற்றத்தாழ்வு மத்திய அரசியல் சட்டத்துக்கு விரோதமில்லை என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1973-ல் சொல்லிவிட்டது. பிறகு டெக்சாஸ் உச்சநீதிமன்றம் 1989-ல் மாநில அரசியல் சட்டத்தின்படி இது செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் விளைவுதான் 1993-ல் வந்த 'ராபின் ஹூட்' ஏற்பாடு. சொத்து மதிப்பு கூடிய மாவட்டங்கள் எம்.அண்ட்.ஓ. வரியில் ஒரு பகுதியை மாநிலத்திடம் கொடுத்துவிட வேண்டும். ஆஸ்டின் ஐ.எஸ்.டி. அப்படிக் கொடுப்பதில் முன்னணி. ஐ.அண்ட்.எஸ். வரி இதில் சேராது, அதனால்தான் புதுக் கட்டடங்களில் இன்னும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது.

தடுப்பூசி_அட்டை:

பேப்பர் விஷயம். பிறப்புச் சான்றிதழ் அல்லது பாஸ்போர்ட், பழைய பள்ளியின் ரிப்போர்ட் கார்டு, தடுப்பூசிப் பதிவு. முதல் இரண்டையும் தர, சேர்ந்த நாளிலிருந்து 30 நாள் அவகாசம் உண்டு. குடியேற்ற நிலையைக் காரணம் காட்டிப் பிள்ளையைச் சேர்க்க மறுக்க முடியாது. 1982-ல் வந்த பிளைலர் வழக்குத் தீர்ப்பு அது, வழக்கு தொடங்கியதே டெக்சாஸின் டைலர் ஊரில்தான். பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயர் வரிசையையே எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள். ஓரிடத்தில் இனிஷியல், இன்னோரிடத்தில் அப்பா பெயர் என்றிருந்தால் பள்ளிக் கணக்கில் இரண்டு பிள்ளைகளாகிவிடும்.

இந்தியப் பிள்ளைகளுக்குச் சேர்க்கை இழுப்பது பெரும்பாலும் தடுப்பூசியில். நம் ஊரில் 9-ஆம் மாதம் போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி இங்கே எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த ஊசி) கணக்கில் வராது. முதல் டோஸ் முதல் பிறந்தநாளன்றோ அதன் பிறகோ போட்டிருக்க வேண்டும், அதில் பொன்னுக்கு வீங்கியும் அடங்கியிருக்க வேண்டும். எம்.எம்.ஆர்., சின்னம்மை, ஹெபடைட்டிஸ் ஏ இரண்டிரண்டு டோஸ், ஹெபடைட்டிஸ் பி மூன்று. சென்னையிலேயே குழந்தை மருத்துவரிடம் பட்டியலைக் காட்டி விட்டுப்போனதைப் போட்டு, நாள், மாதம், ஆண்டோடு ஆங்கிலத்தில் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வாருங்கள். ஒவ்வொரு ஊசியிலும் ஒரு டோஸாவது போட்டு, அடுத்ததற்கு நேரம் கடந்துவிடாமலிருந்தால் தற்காலிகமாகச் சேர்ப்பார்கள்.

சின்னவனுக்கு: செப்டம்பர் 1-க்குள் 4 வயது முடிந்து, ஆங்கிலம் பேசிப் புரிந்துகொள்ள வராத பிள்ளைக்கு, கிண்டர்கார்டனுக்கு முந்தைய வகுப்பான ப்ரீ-கே இலவசம். இந்தத் தகுதியில் வருமானம் பார்ப்பதில்லை. தகுதியுள்ள 4 வயதுப் பிள்ளைகளுக்கு முழுநாள் வகுப்பு. நம்மவர்கள் பலர் இது தெரியாமல் தனியார் டேகேருக்கு மாதாமாதம் கட்டுகிறார்கள். வீட்டு மொழி பற்றிய படிவத்தில் தமிழ் என்று உண்மையை எழுதுங்கள். 'ஆங்கிலம்' என்று எழுதினால் மதிப்புக் குறையாது என்று நினைத்து எழுதுகிறவர்கள் பிள்ளைக்குச் சேர வேண்டிய உதவியைத் தாங்களே தடுக்கிறார்கள்.

வாணி_மடிப்பாக்கம்:

மிக்க நன்றி. ஒருவேளை காப்பெல் எல்லைக்குள் வீடு கிடைக்கவில்லை என்றால்? தீபாவளி, பொங்கலுக்கு லீவு எடுத்தால் வருகையில் பிரச்சினையா?

வடக்கு_டாலஸ்:

உங்கள் அம்மாவை மறந்துவிட்டேன், மன்னிக்கவும். அதே 25.001 பிரிவில், தாத்தாவோ பாட்டியோ அந்த மாவட்டத்தில் வசித்து, பள்ளி விட்ட பிறகு பேரப்பிள்ளையைக் கணிசமான நேரம் பார்த்துக்கொண்டால், பெற்றோர் வெளியே இருந்தாலும் சேர்க்கலாம். எத்தனை மணி நேரம் 'கணிசம்' என்பதை ஒவ்வொரு போர்டும் முடிவு செய்கிறது. காப்பெல் அலுவலகத்தில் பாட்டி-தாத்தா பராமரிப்புப் படிவத்தைக் கேளுங்கள். அம்மாவுக்கு அந்த வீட்டில் இருப்பதற்கான சான்றும் தேவைப்படும். மகள் தினமும் நிஜமாகவே பாட்டி வீட்டுக்குப் போக வேண்டும், காகிதத்துக்காக மட்டும் என்றால் மறுபடி முதல் பத்திக்கே வந்துவிடுவோம்.

லீவு: மதப் பண்டிகைக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் அனுமதித்த விடுப்பு. பயணம் என்றால் போக ஒரு நாள், வர ஒரு நாள் சேரும். விட்ட பாடத்தை முடித்துக் கொடுத்தால் வந்த நாளாகவே கணக்கு. நீண்ட ஊர்ப்பயணம்தான் சிக்கல். வகுப்பு நடந்த நாட்களில் 90 சதவீதம் வராவிட்டால் அந்த ஆண்டுத் தேர்ச்சி வருகைக் கமிட்டியின் கையில் போய்விடும். ஜனவரியில் மூன்று வாரம் ஊருக்குப் போக டிக்கெட் போடும் முன் பள்ளியின் வருகைப்பதிவு அலுவலரிடம் பேசுங்கள். நீண்ட நாள் வராத பிள்ளையின் பெயரை நீக்கிவிடும் மாவட்டங்களும் உண்டு. திரும்பி வரும்போது அந்த வகுப்பு நிரம்பியிருந்தால் வேறு பள்ளிதான்.