குடியை நிறுத்தினால் முதுகுவலி கூடுவது ஏன்? (ஆதரவுக் குழுக் கையேட்டுக்காக)

பூன்லே_குமரன்:

சிங்கப்பூரில் குடும்பச் சேவை நிலையம் ஒன்றில் கூடும் தமிழ் ஆதரவுக் குழுவுக்காக நான்கு பக்கக் கையேடு தயாராகிறது. வருகிறவர்கள் பெரும்பாலும் 50 வயது தாண்டிய ஆண்கள். முதுகுவலியோ முழங்கால் வலியோ இல்லாதவர் குறைவு. ராத்திரி கோப்பிக்கடையில் இரண்டு பெரிய போத்தல் பீரும் வழக்கம். "குடிச்சா வலி தெரியல, விட்டா ரெண்டு மடங்கா வருது" என்பதுதான் எல்லார் வாயிலும். இதைச் சாக்கு என்று ஒதுக்கிவிடலாமா, இல்லை மூளையில் நிஜமாகவே ஏதாவது நடக்கிறதா? மூளை வேதிப்பொருள்களில் காபா (நரம்பை அமைதிப்படுத்துவது), டோபமின் (உற்சாகம் தருவது) அளவுக்கு எனக்குத் தெரியும். மன உளைச்சலும் வலியும் எந்த இடத்தில் சந்திக்கின்றன என்பதுதான் பிடிபடவில்லை. டிரமடால் என்ற வலிமாத்திரை சாப்பிடுகிறவருக்குக் குடியாசையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் கொடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். முதல் பக்கத்தில் கட்டாயம் போடவேண்டிய எச்சரிக்கை எது?

நரம்புமுனை:

சாக்கு இல்லை. இரண்டு பாதியும் உண்மை.

முதல் பாதி: மது உள்ளே போனதும் மூளை தன் சொந்த வலிநிவாரணியான எண்டார்ஃபினை வெளியிடுகிறது. அது போய் ஒட்டுவது மியூ ஏற்பிகளில் (ஏற்பி என்பது நரம்பணுவில் வேதிப்பொருள் ஒட்டும் இடம்). மார்ஃபின் ஒட்டும் அதே இடம். கூடவே மது காபா சமிக்ஞையைத் தூக்கிவிடுகிறது, நரம்பைத் தூண்டிவிடும் குளுட்டமேட்டின் என்.எம்.டி.ஏ. ஏற்பியை அமுக்குகிறது. வலி தணிகிறது, பதற்றம் அடங்குகிறது. ஆனால் வலி நன்றாகத் தணியும் அளவுக்குக் குடிப்பது என்றால் இரத்தத்தில் 0.08% பக்கம் போகவேண்டும். இங்கே வண்டி ஓட்டினால் மாட்டிக்கொள்ளும் அளவு அது. "வலிக்கு மருந்தாகக் கொஞ்சம்" என்ற கணக்கு இங்கேயே உடைந்துவிடுகிறது.

இரண்டாவது பாதிதான் கையேட்டுக்கு முக்கியம். தினமும் குடித்தால் மூளை எதிர்ப்பக்கம் சரிக்கட்டிக்கொள்கிறது. காபா ஏற்பிகள் மந்தமாகின்றன, என்.எம்.டி.ஏ. ஏற்பிகள் பெருகுகின்றன. பயத்தைக் கையாளும் மூளைப்பகுதியான அமிக்டலாவிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் இரண்டு பெப்டைடுகள் (சிறு புரதத் துண்டுகள்) ஏறுகின்றன. ஒன்று உளைச்சலைக் கிளப்பும் சி.ஆர்.எஃப்., 1981இல் வைலி வேலின் குழு கண்டறிந்த 41 அமினோ அமில மூலக்கூறு. மற்றது டைனார்ஃபின். இது கப்பா என்ற இன்னொரு ஏற்பியில் ஒட்டி டோபமினைக் கீழே இழுக்கும். எண்டார்ஃபினுக்கு உறவுதான், ஆனால் தருவது நிம்மதி அல்ல, மனக்கசப்பு. இவற்றுக்கு எதிராக நின்று அமைதிப்படுத்தும் நியூரோபெப்டைடு ஒய் அதே சமயத்தில் குறைந்துபோகிறது.

நீங்கள் கேட்ட சந்திப்பு இதுதான்: அமிக்டலாவின் மையக்கரு. தண்டுவடத்திலிருந்து வரும் வலிச் செய்தி மூளைத்தண்டிலுள்ள பரபிராகியல் கரு வழியாக நேரே இங்கே வந்து சேர்கிறது. பயம், உளைச்சல், குடி விட்ட பதற்றம் எல்லாவற்றுக்கும் இதே கரு. போத்தலைக் கீழே வைத்ததும் சி.ஆர்.எஃப்.-ஐயும் டைனார்ஃபினையும் அடக்கி வைத்திருந்தது போய்விடுகிறது. இங்கிருந்து நடுமூளைக்கு இறங்கும் பாதை வலியைக் குறைக்கவும் செய்யும், கூட்டவும் செய்யும். அந்த நேரத்தில் கூட்டும் பக்கம் சாய்கிறது. முதுகுத் தட்டு முந்தாநாள் இருந்தபடியேதான் இருக்கும். ஸ்கேனில் புதிதாக ஒன்றும் தெரியாது. வலி மட்டும் ஏறியிருக்கும்.

சுருங்கச் சொன்னால், மறுநாள் கூடும் வலியின் ஒரு பகுதியை முந்தின இரவின் குடியே உண்டாக்குகிறது. குழுவில் இதை நேராகச் சொல்லுங்கள்.

இரவுப்பணி_தாதி:

முதல் பக்க எச்சரிக்கை: தினமும் நிறையக் குடிக்கிறவர் ஒரே நாளில் சட்டென்று நிறுத்தக்கூடாது. நரம்புமுனை சொன்ன என்.எம்.டி.ஏ. பெருக்கம் வலியோடு நிற்பதில்லை, வலிப்பு வரை போகும்.

நேரக்கணக்கை அப்படியே போடுங்கள். கடைசிக் குடியிலிருந்து 6 முதல் 8 மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, குமட்டல். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்தில் சிலருக்கு டெலிரியம்: காய்ச்சல், குழப்பம், இல்லாத பூச்சியைச் சட்டையிலிருந்து தட்டிவிடுவது. "ரெண்டு நாள் தாண்டிட்டார், இனிப் பயமில்லை" என்று வீட்டில் நினைப்பது இங்கேதான் தப்பாகிறது. வலிப்போ குழப்பமோ தெரிந்தால் 995 (ஆம்புலன்ஸ்).

யாருக்கு ஆபத்து கூடுதல்? காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு மடக்கு உள்ளே போனபின் நிற்கிறவர். முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர். நிறுத்தி நிறுத்தித் தொடங்குகிறவர். ஒவ்வொரு தடவையும் முந்தினதைவிட மோசமாகலாம்.

நம் ஆட்களுக்கென்று ஒரு வரி சேருங்கள். தைப்பூசத்துக்கோ தீமிதிக்கோ விரதம் எடுக்கும் நாள், ஊருக்கு விமானம் ஏறும் நாள், அறுவை சிகிச்சைக்காக வார்டில் சேரும் நாள்: அன்றெல்லாம் குடி தானாக நின்றுபோகும். அவர் "குடியை விட" நினைத்திருக்க மாட்டார், ஆனால் மூளைக்கு எல்லாம் ஒன்றுதான். காவடிக்கு விரதம் இருக்கப் போகிறவர் அது தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரைப் பார்க்கட்டும். வார்டில் சேரும்போது கேட்டால் அளவைக் குறைத்துச் சொல்லக்கூடாது. அதைப் பொறுத்துத்தான் நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்க டயாசிபாம் வேண்டுமா, கல்லீரல் கெட்டிருந்தால் லோராசிபாம் வேண்டுமா, எத்தனை நாளில் குறைப்பது என்பதெல்லாம்.

வைட்டமின் பி1-ஐயும் (தையமின்) விடாதீர்கள். குடிக்கிறவருக்குத் தையமின் குறைந்திருக்கும். அந்த நிலையில் முதலில் குளுக்கோஸ் ஏற்றினால் வெர்னிக்கே மூளைப் பாதிப்பைத் தூண்டிவிடலாம். அதனால்தான் மருத்துவமனையில் தையமின் ஊசி முதலில் போகிறது.

மருந்துப்பெட்டி:

டிரமடால் கேள்விக்கு வருகிறேன். இரண்டும் ஒன்றாகக் கூடாது.

நால்ட்ரெக்சோன் மியூ ஏற்பியை அடைக்கும். குடித்தால் வரும் எண்டார்ஃபின் சுகம் மங்குவதால்தான் குடிக்கும் ஆசை குறைகிறது. அதே அடைப்பு டிரமடாலின் ஓபியாய்டு (மார்ஃபின் வகை) பகுதியையும் வேலை செய்யவிடாது. உடம்பு ஏற்கெனவே டிரமடாலுக்குப் பழகியிருந்தால் நால்ட்ரெக்சோனின் முதல் மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்திலேயே வாந்தி, வயிற்றுப் பிடிப்பு, உடம்பெங்கும் வலி என்று ஓபியாய்டு விலகல் முழுவேகத்தில் அடிக்கும். ஆகவே டிரமடால், கோடீன், மார்ஃபின் எதுவானாலும் நிறுத்தி 7 முதல் 10 நாள் கழித்துத்தான் நால்ட்ரெக்சோன். வழக்கமான அளவு தினம் 50 மி.கி.; குமட்டலைத் தவிர்க்கப் பலர் முதல் சில நாள் 25 மி.கி. எடுப்பார்கள். கல்லீரல் சோதனை முன்கூட்டியே வேண்டும். பலர் மறப்பது கோடீன் கலந்த இருமல் மருந்து. கிளினிக்கில் "இருமலுக்கு" என்று கொடுத்திருப்பார்கள், அது ஓபியாய்டு என்று நோயாளிக்குத் தெரியாது.

குடியை விடும் நாள்களில் டிரமடால் இன்னொரு வகையிலும் ஆபத்து: வலிப்பு வரும் வாசலை அதுவே தாழ்த்துகிறது. தாதி சொன்ன 48 மணி நேரத்தோடு சேர்த்துப் பாருங்கள்.

சரி, வலிக்கு என்னதான் சாப்பிடுவது? பாரசிட்டமால் போதும் என்பார்கள். ஆனால் நாள்பட்ட குடியால் பாரசிட்டமாலை நச்சாக மாற்றும் கல்லீரலின் சி.ஒய்.பி.2இ1 நொதி கூடியிருக்கும், அந்த நச்சை முறிக்கும் குளுட்டதயோன் குறைந்திருக்கும். இவர்களுக்கு நாளுக்கு 2 கிராம், அதாவது 500 மி.கி. மாத்திரை நான்கைத் தாண்டவேண்டாம் என்பதே வழக்கமான அறிவுரை. சளி மருந்திலும் பாரசிட்டமால் ஒளிந்திருக்கும், அதையும் எண்ணுங்கள். ஐபுப்ரோஃபன், டைக்ளோஃபெனாக் வகை மதுவோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தக்கசிவு. காபாபென்டின் நரம்பு வலிக்கும் உதவும், குடியாசைக்கும் சில மருத்துவர்கள் தருவார்கள். ஆனால் அதைப் போட்டுக்கொண்டே குடித்தால் மூச்சு மந்தமாகும்.

எல்லா வலியும் அமிக்டலாவிலிருந்து கிளம்புவதில்லை என்பதையும் எழுதுங்கள். இரண்டு பாதமும் ஒரே மாதிரி, சாக்ஸ் போட்ட அளவுக்கு, ராத்திரியில் எரிந்தால் அது நரம்பு கெட்டதால் வருவது; மதுவும் தையமின் குறைவும் காரணமாகலாம். நீரிழிவும் இதையே செய்யும் என்பதால் சர்க்கரை பார்க்காமல் முடிவுகட்டக்கூடாது.

பூன்லே_குமரன்:

மூவருக்கும் நன்றி. குழுவில் ஒருவர் "ஸ்ட்ரெஸ் என்றால் கார்ட்டிசால்தானே, இரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாமே" என்கிறார். சி.ஆர்.எஃப்.தான் மூலம் என்றால் அதை அடைக்கும் மாத்திரையும் இருக்குமே? குடியின் அளவை எப்படிக் கணக்கிடச் சொல்வது என்பதும் வேண்டும். "ரெண்டு போத்தல்" என்பதை ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள்.

நரம்புமுனை:

கார்ட்டிசால் சோதனைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். சி.ஆர்.எஃப். இரண்டு இடத்தில் வேலை செய்கிறது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸில் அது கார்ட்டிசாலை வரவழைக்கும், ஏறிய கார்ட்டிசால் திரும்பி வந்து அதை அடக்கும். அமிக்டலாவில் நேர்மாறு: கார்ட்டிசால் அங்கே சி.ஆர்.எஃப்.-ஐக் கூட்டிவிடுகிறது. காலை எட்டு மணி இரத்தத்தில் எண் சாதாரணமாக இருக்கலாம், ஆள் உள்ளே கொதித்துக்கொண்டிருக்கலாம்.

மாத்திரை செய்து பார்த்தார்கள். குடிக்கு அடிமையாக்கிய எலிகளில் சி.ஆர்.எஃப்.1 ஏற்பியை அடைத்ததும் குடிப்பது குறைந்தது. மனிதர்களில் அந்த ஏற்பியை அடைக்கும் பெக்சாசர்ஃபான்ட், வெருசர்ஃபான்ட் இரண்டும் குடிக்கும் ஆசையைக் குறைக்கவில்லை. எலிப் பரிசோதனையை வைத்து "புதிய மருந்து வந்துவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதைக் கையேட்டில் சேர்த்துவிடாதீர்கள்.

இரவுப்பணி_தாதி:

அளவுக்கு: மி.லி.-ஐச் சதவீதத்தால் பெருக்கி, 0.8ஆல் பெருக்கி, 100ஆல் வகுத்தால் மதுவின் எடை கிராமில் வரும். இங்கே ஒரு 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்' 10 கிராம். 5% பீர் 633 மி.லி. போத்தல் ஒன்று ஏறத்தாழ 25 கிராம். இரண்டு போத்தல் என்றால் ஐந்து டிரிங்க். 8% ஸ்ட்ராங் பீர் 500 மி.லி. கேன் ஒன்றே 32 கிராம். "ஒரு கேன்தான்" என்பவருக்கு மூன்றுக்கு மேல். ஒரு வாரம் எழுதிவைத்துக்கொண்டு போனால் பலதுறை மருந்தகத்தில் பாதி வேலை முடிந்தது. காலை நடுக்கம் இருந்தால் மனநலக் கழகத்தின் கீழ் இயங்கும் போதைப்பழக்கச் சிகிச்சைச் சேவைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.

மருந்துப்பெட்டி:

டிரமடாலை விடமுடியாதவருக்கு அகாம்ப்ரோசேட் என்ற இன்னொரு குடிநிறுத்த மருந்து பொருந்தலாம். அது ஓபியாய்டு ஏற்பியைத் தொடுவதில்லை, குளுட்டமேட் பக்கம் வேலை செய்கிறது, கல்லீரல் வழியாகவும் போவதில்லை. 333 மி.கி. மாத்திரை இரண்டு வீதம் மூன்று வேளை, பேதி ஆகலாம். நாளுக்கு ஆறு மாத்திரை என்பதால் மதிய வேளையைப் பலர் தவறவிடுகிறார்கள், வேலைக்குப் போகும் பையில் தனியாக வைத்துக்கொள்ளட்டும். முழுக்கச் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் அங்கே குறை இருந்தால் அளவைப் பாதியாக்குவார்கள், கடுமையாக இருந்தால் கொடுக்கவே மாட்டார்கள். நீரிழிவுக்காரர்கள் அண்மையில் எடுத்த கிரியாட்டினின் (சிறுநீரகச் சோதனை) ரிசல்ட்டைக் கையோடு கொண்டுபோகட்டும்.