பூங்காவில் மெட்டல் டிடெக்டருக்குத் தடை: எல்லாப் புல்தரைக்கும் ஒரே விதி சரியா?

பழங்காசு:

இங்கிலாந்தின் தென்கிழக்கில் ஒரு சிறு நகரத்தில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வசிக்கிறேன். மெட்டல் டிடெக்டரை எடுத்துக்கொண்டு பழம்பொருள் தேடுவது நான்கு ஆண்டுகளாக என் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. வீட்டுக்கு எதிரே உள்ள, கவுன்சிலுக்கு (உள்ளாட்சி அமைப்பு) உரிய பூங்காவில் வாரம் இரண்டு மணி நேரம் தேடிக்கொள்ள அனுமதி கேட்டு, காப்பீட்டுச் சான்றையும் இணைத்து எழுதியிருந்தேன். "எங்கள் பூங்காக்கள் எதிலும் இக்கருவிக்கு அனுமதி இல்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது. காரணத்தையாவது எழுதியிருக்கலாம்.

இங்கே பூங்காக்களுக்கென்று கவுன்சில்கள் எடுத்துக்கொள்ளும் மாதிரித் துணைவிதியில், கவுன்சிலின் சம்மதமின்றி நிலத்தில் உலோகம் தேடும் கருவியை யாரும் பயன்படுத்தக் கூடாது என்றுதான் இருக்கிறது. சம்மதம் என்ற வாசலை விதியே வைத்திருக்கும்போது, எந்தப் பூங்கா, எந்த மண், யார் கேட்கிறார் என்று பாராமல் அதை நிரந்தரமாகப் பூட்டிவிடுவது எந்த வகையில் முறையாகும்?

இந்த நாட்டில் இந்தப் பொழுதுபோக்கு முழுவதுமே நில உரிமையாளரின் தயவில் நடப்பது. கிராமத்தில் பிறந்தவருக்கு ஒரு சித்தப்பாவோ பள்ளித் தோழனோ பண்ணை வைத்திருப்பார். பிற நாட்டிலிருந்து வந்து குடியேறி, பால்கனியில் இரண்டு தக்காளிச் செடி வளர்க்கும் எனக்கு எந்த விவசாயியைத் தெரியும்? சென்ற ஆண்டு பதினேழு பண்ணைகளுக்குச் சென்று கேட்டேன். ஒருவர் இசைந்தார், அதுவும் அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடைப்பட்ட மூன்று வாரங்களுக்கு மட்டும். எனக்குப் பொது நிலம் என்று இருப்பது பூங்கா ஒன்றே.

மண்ணடுக்கு:

கட்டடப் பணி தொடங்குமுன் அகழாய்வு செய்து தரும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். ஆகவே நான் எந்தப் பக்கம் நிற்பேன் என்பதை நீங்கள் ஊகித்திருப்பீர்கள்.

உழவு நிலத்தையும் பூங்காவையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. உழவு நிலத்தில் மேலே 20 முதல் 30 சென்டிமீட்டர் மண்ணை ஆண்டுதோறும் கலப்பை புரட்டிப் போட்டுவிடுகிறது. அதில் கிடக்கும் நாணயம் ஏற்கெனவே தன் இடத்தைவிட்டு நகர்ந்தது, உரமும் இரும்பும் பட்டு நாளுக்கு நாள் தேய்வது. அதை எடுத்துப் பதிவு செய்வதால் நன்மையே அதிகம். பழைய பூங்காக்களின் கதை வேறு. லண்டன் கிரீனிச் பூங்காவில் ஆங்கிலோ-சாக்சன் காலத்துப் புதைமேடுகள் இன்றும் புல்லுக்குக் கீழே இருக்கின்றன. குறுக்கே நடப்பவர்கள் அவற்றை மேடு என்றுகூட உணர்வதில்லை. அதே பூங்காவில் ரோமானியர் காலக் கோயில் ஒன்றின் எச்சமும் உண்டு. இப்படிப்பட்ட நிலத்தில் ஒரு பொருள் எந்த அடுக்கில், எதன் பக்கத்தில், எந்த நிலையில் கிடந்தது என்பதே அப்பொருளைவிட அதிகம் பேசும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 2010இல் சாமர்செட்டில் ஃப்ரோம் நகருக்கு அருகே ஒரு வயலில் 52,503 ரோமானிய நாணயங்கள் நிறைந்த பானை கிடைத்தது. அதை அடுக்கடுக்காகப் பிரித்து எடுத்தபோது, காலத்தால் கடைசியான நாணயங்களில் பெரும்பகுதி பானையின் அடிப்பக்கமாகவே இருப்பது தெரிந்தது. சிறுகச் சிறுகச் சேர்த்த உண்டியலாக இருந்திருந்தால் அவை மேலே அல்லவா இருந்திருக்கும்? ஒரே தடவையில் கொட்டப்பட்டிருக்க வேண்டும், ஒருவேளை காணிக்கையாக இருக்கலாம் என்ற விளக்கம் அதிலிருந்தே பிறந்தது. யாரோ ஒருவர் கையை விட்டு அள்ளியிருந்தால் நமக்கு நாணயங்கள் மட்டும் மிஞ்சியிருக்கும்.

பழங்காசு:

அந்தப் பானையைக் கண்டுபிடித்தவர் யார் என்பதை நீங்கள் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். என்னைப் போன்ற ஒரு டிடெக்டர்காரர். பானையின் விளிம்பு தெரிந்தவுடன் தோண்டுவதை நிறுத்தி, மண்ணை மூடிவிட்டு, அதிகாரிகளுக்குச் சொன்னவர். உங்கள் துறையினர் அடுக்கடுக்காகப் பிரிக்க முடிந்ததே அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றதால்தான்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகம் நடத்தும் பழம்பொருள் பதிவுத் திட்டம் 1997இல் தொடங்கியது. இன்று அதில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றைக் கொண்டு வந்து கொடுத்தவர்கள் பொழுதுபோக்காகத் தேடுபவர்களே. இந்த உறவை வளர்த்ததால் இந்த நாடு அடைந்தது எவ்வளவு என்பது உங்களுக்கும் தெரியும்.

வழக்குக்கட்டு:

பூங்காவைப் பற்றிய விவாதத்தில் ஃபார்னம் வழக்கு வராமல் இருப்பது வியப்பாக இருக்கிறது. 1992இல் சர்ரியில் உள்ள ஃபார்னம் பூங்காவில் ஒருவர் மெட்டல் டிடெக்டருடன் தேடியபோது, ஏறத்தாழ ஒன்பது அங்குல ஆழத்தில் இடைக்காலத்துத் தங்க புரூச் (ஆடையில் குத்திக்கொள்ளும் அணி) ஒன்று கிடைத்தது. அவர் அதை மறைக்கவில்லை, முறைப்படி தெரிவித்தார். (இறந்தவரின் உடலை விசாரிக்கும் கொரோனர்தான் இங்கே புதையலையும் விசாரிப்பார், இந்த நாட்டின் பழைய வினோதங்களில் அதுவும் ஒன்று.) மீட்டெடுக்கும் எண்ணத்தோடு ஒளித்து வைத்ததாக இருந்தால்தான் புதையல் என்பது அன்றைய சட்டம். புரூச் அந்த வரையறைக்குள் வராததால் கண்டெடுத்தவரிடமே திரும்பி வந்தது. உடனே நிலத்துக்கு உரிமையான வேவர்லி கவுன்சில் வழக்குத் தொடுத்தது.

முதல் நீதிமன்றம் கண்டெடுத்தவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1995இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. தரையின் மேலே கிடக்கும் பொருள் வேறு, மண்ணுக்குள் இருக்கும் பொருள் வேறு. மண்ணுக்குள் இருப்பது நிலத்துக்கு உரியவருக்கே சேரும் என்றது. பொதுமக்கள் பூங்காவுக்கு வருவது பொழுதுபோக்குக்காகத்தான் என்றாலும், தோண்டி எடுப்பது அந்த உரிமையில் அடங்கிய பொழுதுபோக்கு ஆகாது என்பதும் அத்தீர்ப்பின் முக்கியமான பகுதி. எனவே "பொது நிலம்" என்று பழங்காசு சொல்வதில் ஒரு சறுக்கல் இருக்கிறது. பூங்காவில் நடக்கலாம், ஓடலாம், படுத்து உறங்கவும் செய்யலாம். அதன் மண் நம்முடையது ஆகிவிடாது.

பின்னர் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் வந்துவிட்டது. நாணயம் அல்லாத ஒரு பொருள் 300 ஆண்டுகளுக்கு மேல் பழையதாகவும், எடையில் பத்தில் ஒரு பங்காவது தங்கமோ வெள்ளியோ உள்ளதாகவும் இருந்தால், ஒளித்ததா தொலைத்ததா என்ற கேள்வியே இல்லாமல் அது புதையல். 14 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும். அந்த புரூச் இன்று கிடைத்திருந்தால் இவ்வளவு வழக்கே இருந்திருக்காது.

பழங்காசு:

நன்றி, வழக்குக்கட்டு. ஆனால் அந்தத் தீர்ப்பு சொல்வது பொருள் யாருக்குச் சேரும் என்பதையும், அனுமதியில்லாமல் தோண்ட உரிமை இல்லை என்பதையும் மட்டுமே. கவுன்சில் அனுமதி தரவே கூடாது என்று எங்கும் சொல்லவில்லை. கிடைப்பது அனைத்தும் கவுன்சிலுக்கே என்று எழுதிக் கையெழுத்திட நான் தயார். எனக்குக் காசு வேண்டாம். காதில் அந்த ஒலி கேட்க வேண்டும், மண்ணைப் பிரித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவே.

புல்தரை:

லண்டனில் ஒரு கவுன்சில் பூங்காவில் பராமரிப்பு வேலை செய்கிறேன். ரோமானியரைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. குழியைப் பற்றித் தெரியும்.

டிடெக்டர்காரர்கள் புல்லை மூன்று பக்கம் வெட்டி, ஒரு பக்கத்தைக் கீல் போல விட்டு, மூடியைத் திறப்பதுபோல் புரட்டுவார்கள். பொருளை எடுத்த பின் மூடி, காலால் மிதித்துவிட்டால் அன்று பார்க்க ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். ஈரமான நவம்பரில் அந்தப் புல் பிழைத்துக்கொள்ளும். ஜூலையில் வேர் அறுந்த அந்தத் துண்டு ஒரு வாரத்தில் காய்ந்து, புல்தரை முழுவதும் வட்டவட்டமாக வைக்கோல் நிறத் திட்டுகள் தெரியும். காய்ந்த துண்டைக் காகம் புழு தேடிக் கிளறிவிடும், அல்லது நாய் இழுத்துப்போடும். மிஞ்சுவது ஒரு குதிகால் அளவுக் குழி. சனிக்கிழமை காலையில் அதே இடத்தில் பத்து வயதுப் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். ஒரு பிள்ளையின் கணுக்கால் அப்படிப்பட்ட குழியில் பிசகி, அவனை நான் தூக்கிக்கொண்டு போய் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறேன். தோண்டியவர் யாரென்று எவருக்கும் தெரியாது.

பழங்காசு:

அண்ணா, நீங்கள் சொல்லும் குழியைத் தோண்டியவர் அனுமதி பெற்றவரா? இரவில் திருட்டுத்தனமாக வருபவருக்குத் தடை ஒரு பொருட்டே இல்லை. 2015இல் லெம்ஸ்டர் அருகே வைக்கிங் காலத்துப் புதையலை எடுத்து மறைத்த இருவருக்கு, 2019இல் நீண்ட சிறைத்தண்டனை கிடைத்தது; அங்கிருந்ததாகக் கருதப்படும் சுமார் 300 நாணயங்களில் மிகச் சிலவே மீண்டன. எல்லோருக்கும் தடை போட்டால் அப்படிப்பட்டவர்கள் நிற்கமாட்டார்கள். சொல்லிவிட்டு வரும் நாங்கள்தான் நிற்போம். மேலும் இப்போதைய கருவிகளில் குப்பையையும் நாணயத்தையும் பிரித்துக் காட்டும் வசதி இருப்பதால், முன்போல் கண்ட இடமெல்லாம் தோண்ட வேண்டியதில்லை.

மண்ணடுக்கு:

கடைசி வாக்கியத்தை நீங்களே நம்புகிறீர்களா? இரும்பு ஆணியைப் பிரித்தறிவது எளிது. ஆனால் மெல்லிய தங்க மோதிரமும், பான டின்னின் இழுப்பு வளையமும், கசக்கிய அலுமினியத் தாளும் உங்கள் திரையில் ஏறக்குறைய ஒரே எண்களைத்தான் காட்டும். தங்கத்தைத் தவறவிடக் கூடாது என்றால் வளையங்கள் அத்தனையையும் தோண்டியாக வேண்டும். கோடை முழுவதும் மக்கள் அமர்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகும் ஒரு பூங்காவில் அது எத்தனை குழி என்று எண்ணிப் பாருங்கள்.

லெம்ஸ்டர் விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். அவர்களைக் காட்டி உங்களை மறுப்பது நியாயமில்லை.

பழங்காசு:

வளையங்கள் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. என் வீட்டில் ஒரு ஜாடி நிறைய இருக்கின்றன. அந்த வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

தேம்ஸ்கரை:

நடுவில் ஒரு வழி இருக்கிறது. தேம்ஸ் ஆற்றங்கரையில் தண்ணீர் வற்றும் நேரத்தில் தேடுவதற்கு லண்டன் துறைமுக ஆணையத்தின் உரிமச் சீட்டு வேண்டும். 2016 முதல், வெறும் கண்ணால் தேடுபவருக்கும் அது கட்டாயம். சாதாரணச் சீட்டு வைத்திருப்பவர் 7.5 சென்டிமீட்டருக்கு மேல் தோண்டக் கூடாது, சில இடங்களில் கால் வைக்கவே கூடாது, கிடைத்த பழம்பொருளைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். பூங்காவுக்கும் இப்படி ஒரு சீட்டு, ஓர் ஆழ வரம்பு, ஒரு வரைபடம் என்று வைத்தால் என்ன?

புல்தரை:

அந்தச் சீட்டைக் கேட்டவர்கள் அதிகமாகிப் போனதால் 2022 நவம்பரில் புதிய விண்ணப்பங்களை நிறுத்திவைத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆற்றங்கரையில் குழியை அடுத்த அலை மூடும். எங்கள் பூங்காவில் நான்தான் மூட வேண்டும். சீட்டைச் சரிபார்ப்பது, ஆழத்தை அளப்பது, வரைபடத்தை வைத்துக்கொண்டு நிற்பது ஆகிய வேலைகளுக்கு ஆள் கேட்டால், இருக்கிற ஆளையே குறைக்கலாமா என்று பார்க்கிறார்கள்.

பழங்காசு:

எல்லோரும் சொன்னதைப் படித்த பின் என் கோரிக்கையைச் சுருக்கிக்கொள்கிறேன். கிரீனிச் போன்ற பழைய நிலங்களை நான் கேட்கவில்லை. பாதுகாக்கப்பட்ட நினைவிடங்களில் உரிமமின்றிக் கருவியை எடுப்பதே 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம், அது அப்படியே இருக்கட்டும். ஆனால் எல்லாப் புல்தரையும் பழைய மண் அல்ல. கிழக்கு லண்டனின் ஹாக்னி மார்ஷஸ் விளையாட்டுத் திடல்களை எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டாம் உலகப் போரில் குண்டு வீச்சில் இடிந்த வீடுகளின் கல்லும் செங்கல்லும் கொட்டி உயர்த்தப்பட்ட தரை அது. என் வீட்டெதிர்ப் பூங்காவிலும் தெற்குப் பாதி 1960களில் மண் கொட்டி மேடாக்கப்பட்டது என்று பக்கத்து வீட்டு முதியவர் சொல்கிறார். அங்கே எந்த அடுக்கை நான் குலைத்துவிடப் போகிறேன்?

மண்ணடுக்கு:

இது முதல் பதிவில் நீங்கள் கேட்டதைவிடப் பலமான கேள்வி. கொட்டிய மண் என்றால் தொல்லியல் அடிப்படையில் என் எதிர்ப்பு ஏறக்குறைய இல்லாமல் போகிறது. போர்க்கால இடிபாடு கொட்டிய இடங்களில் வெடிக்காத பொருள் கிடக்கலாம் என்ற அச்சம் தனி. எனவே ஹாக்னியை நல்ல உதாரணமாக நான் ஏற்கமாட்டேன். 1960களின் மண் வேறு.

ஆனால் முதியவரின் நினைவை வைத்துக்கொண்டு கவுன்சிலிடம் போகாதீர்கள். உங்கள் பகுதிக்கென்று தொல்லியல் தடயப் பதிவேடு ஒன்று இருக்கும். பழைய வரைபடங்களும் முன்பு நடந்த அகழாய்வு அறிக்கைகளும் அதில் இருக்கும். அதைப் பார்க்கக் கேட்டு எழுதுங்கள். தெற்குப் பாதியில் கொட்டிய மண்ணின் தடிமன் என்னவென்று தெரிந்தால், அதைவிடக் குறைவான ஆழத்தை வரம்பாக வைத்து, கயிறு கட்டிப் பிரித்த ஒரு துண்டை மட்டும் கேளுங்கள். பொதுவான கேள்வியைவிடக் குறிப்பான கேள்விக்கு மறுப்பு எழுதுவது அதிகாரிக்குச் சிரமம்.

வழக்குக்கட்டு:

அதோடு, ஒவ்வொரு கோரிக்கையையும் பார்த்துத் தீர்மானிக்கத் தங்களுக்குள்ள விருப்புரிமையை ஒரு நிலையான கொள்கையால் முழுவதுமாகக் கட்டிவைக்கக் கூடாது என்பது பொது அமைப்புகளுக்கு இந்த நாட்டு நீதிமன்றங்கள் விதித்துள்ள நெறி. உங்கள் கடிதத்தில் அதை மிரட்டலாக எழுதாமல், ஒரு வரியில் நினைவூட்டுங்கள்.

பழங்காசு:

பதிவேட்டுக்கு இன்றே எழுதுகிறேன். அண்ணா, தெற்குப் பாதியில் பந்து விளையாடும் இடம் இல்லை என்பதையும் பார்த்துவிட்டேன்.

புல்தரை:

கேட்பதானால் அக்டோபர் முதல் மார்ச் வரை மட்டும் கேளுங்கள், தம்பி. வெட்டிய புல்லைத் தார்ப்பாயின் மேல் வைத்து, மண்ணை அடுக்கு மாறாமல் திரும்பப் போட்டு, கையோடு ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றுங்கள். வேலை முடிந்ததும் எத்தனை குழி, எங்கே என்று பராமரிப்பு அறையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அப்படி ஒருவர் செய்வதாக எழுதிக் கொடுத்தால், எங்கள் மேலாளரிடம் நானே பேசுவேன்; உங்கள் ஊர் மேலாளர் எப்படிப்பட்டவர் என்பது எனக்குத் தெரியாது.